ஒன்பதாம் வளைவில் மண்புழு

செம்புளிமலைக் கல்லூரிக்குப் பாடங்கள் அடிவாரத்திலிருந்து நடந்துதான் வரும்.

கீழே பல்கலைக்கழகத்தில் குளிரூட்டிய அறை ஒன்றில் பேராசிரியர்களை நிற்கவைத்துப் படம்பிடிப்பார்கள். பிறகு பதிவேற்றம் செய்வார்கள். சமவெளிக் கல்லூரிகளுக்கு அந்தச் சொல்லில் ஒரு கஷ்டமும் இல்லை. பொத்தானை அமுக்கினால் பாடம் போய்ச் சேர்ந்துவிடும். மலைக் கல்லூரிக்கு ஏற்றம் என்றால் ஏற்றம்தான், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பாடம் எடுத்தவர் எந்த உடுப்பில் நின்றாரோ அதே உடுப்பில், கழுத்தோரம் மாட்டிய குட்டி மைக்கோடு, பாடம் காலையில் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏற ஆரம்பிக்கும். போகிற வழியெல்லாம் தன்னைத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வரும். வானம் தெளிந்திருந்தால் மத்தியானத்துக்குள் ஸ்மார்ட் வகுப்பறைக்கு வந்து, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லி நன்றி கூறிவிட்டு இறங்கிப் போய்விடும்.

மேகம் இறங்கினால்தான் வம்பு. சிக்னல் மெலிந்துவிடும். பாடம் எந்த வளைவில் இருக்கிறதோ அங்கேயே, தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றத் தொடங்கும். "சுத்துது" என்பார்கள் மலைக்காரர்கள். பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போவார். மிளகு லாரியும் அப்படித்தான். ஐந்தாம் வளைவில் சுற்றிக்கொண்டிருந்த பொருளியல் பாடத்தின் நீட்டிய கையில் துணிப்பையை மாட்டிவிட்டு விறகுக்குப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். பாடங்கள் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை.

ஒன்பதாம் வளைவில் நின்ற பாடம் மண்புழுவைப் பற்றியது. விலங்கியல், முதலாண்டு. மாம்பழ நிறப் பருத்திப் புடவை, வலது கையில் வாட்ச், நெற்றியில் சற்றே கோணலாகப் போன பொட்டு. போன மழைக்காலத்தில் வந்து நின்றது இன்னும் போகவில்லை. வளைவில் டீக்கடை வைத்திருக்கும் சின்னபொண்ணு, மழை வந்தால் ஒரு குடையை எடுத்துவந்து பாடத்தின் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் செருகிவைப்பாள். குடையும் சேர்ந்து சுற்றும்.

அந்தப் பாடத்தை எடுத்தவள் வசுமதி. போன ஆடி மாசம் அவள் கீழே தன் வீட்டில், தனியாக, நெஞ்சு வலி வந்து இறந்துபோனாள். அவளுடைய தங்கை சுகந்தி செம்புளிமலைக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கூடவே மின்கற்றல் ஒருங்கிணைப்பாளரும். அந்தப் பதவிக்கு ஆள் கேட்டபோது மற்ற எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். சுகந்தி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அவளுக்குக் கிடைத்தது.

அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால்கூடத் தேவலை, சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும். வசுமதி தினமும் சாயங்காலம் போன் செய்வாள். குக்கர் வளையம் இளகிப்போச்சு, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு, காலு வலிக்குதுடி, நீ என்ன சமைச்சே. இப்படிப் போகும். ஆரம்பித்தால் நிற்காது. சுகந்திக்குத் துணி இருக்கும், விடைத்தாள் இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் அலுப்பு இருக்கும். "அக்கா, டவர் இல்ல. கட் ஆகுது. கேக்கல" என்பாள்.

மலையில் குடியிருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. கடன்காரனுக்கு, சம்பந்திக்கு, மேலதிகாரிக்கு, எல்லாருக்கும் ஒரே பதில்தான். டவர் இல்லை. மலை என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் சுகந்தி குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கொய்யா மரம் உண்டு. அந்த மரத்தடியில் மட்டும் சிக்னல் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். அங்கே நின்றுகொண்டுதான் அவள் அதைச் சொல்வாள்.

கடைசித் தடவை, "சுகி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் வசுமதி.

"கேக்கலக்கா. டவர் இல்ல."

"சரிடி. அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவில்லை. வசுமதி சொல்ல நினைத்தது பெரிய விஷயமாக இருந்திருக்காது. வசுமதி பெரிய விஷயங்கள் பேசுகிறவள் இல்லை. எதிர்வீட்டு நாய்க்குட்டிக்குப் பேர் வைத்ததாக இருக்கும். அந்த நாய்க்குட்டியின் பேர் என்னவென்று தெரியாமல் போனதுதான் சுகந்தியை அரித்தது. இழவு வீட்டில் எல்லாரும் அழுதபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு பூட்டியிருந்தது.

மேலே திரும்பி வரும்போது ஒன்பதாம் வளைவில் பஸ் ஒதுங்கிப் போயிற்று. அக்கா வாயைத் திறந்தபடி ஜன்னலோரமாகச் சுற்றிப் போனாள். அதன்பிறகு சுகந்தி விடுமுறை நாட்களில் எல்லாம் இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். சில நாள் சிக்னல் ஒரு நூல் அளவு வரும். அப்போது பாடம் ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லும்: "மண்புழுவுக்குக் காது கிடையாது. ஆனா..." அத்தோடு நின்றுவிடும். மறுபடி சுற்றும்.

"ஆனா என்னவாம்?" என்று சின்னபொண்ணு ஒருநாள் கேட்டாள்.

"தெரியல" என்றாள் சுகந்தி. விலங்கியல் புத்தகம் நூலகத்தில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் கீழேயிருந்து சுற்றறிக்கை வந்தது. மின்கற்றலைப் பயன்படுத்துவதில் செம்புளிமலைக் கல்லூரி மாநிலத்திலேயே கடைசி. வழியில் நின்ற பாடங்கள் எல்லாம் பார்க்கப்படாத பாடங்கள் கணக்கில் போயிருக்கின்றன. மாதக் கடைசிக்குள் நிலைமை சீராகாவிட்டால் கல்லூரியை அடிவாரத்துக் கல்லூரியோடு சேர்த்துவிடுவார்கள், முடியாமல் நிற்கிற பாடங்கள் அனைத்தும் ரத்து செய்யப்படும்.

ரத்து செய்வதில் மலைக்கு வேலை ஒன்றும் இல்லை. கீழே ஒருவர் பொத்தானை அமுக்குவார். வளைவில் பாடம் இருக்காது. நான்காம் வளைவில் புள்ளியியல் பாடம் ஒன்று முன்பு அப்படிப் போயிற்று. அதன் கையில் மாட்டியிருந்த பை மட்டும் தார்ச் சாலையில் கிடந்தது.

மற்ற பாடங்கள் என்றால் கீழே மூலப்பிரதி இருக்கும். வசுமதியின் பாடத்துக்கு அதுவும் இல்லை. அவள் இறந்த கையோடு பாடத்திட்டம் மாறியது. மண்புழுவை எடுத்துவிட்டுக் கரப்பான்பூச்சியை வைத்தார்கள். பழையவற்றை எல்லாம் அழித்துவிட்டார்கள். அழிப்பதற்கு முன்பே மலையேறப் புறப்பட்டிருந்த இந்த ஒன்றுதான் மிச்சம். ரத்து செய்தால் அக்கா குரல் என்று உலகத்தில் ஒரு இடத்திலும் இருக்காது. சுகந்தி சுற்றறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளை உடைத்தாள்.

கல்லூரி முதல்வர் தணிகைநாதன் எதையும் இரண்டு தடவை சொல்கிற மனிதர். நல்லவர்தான், பயந்த சுபாவம். "என்ன பண்ணலாம் மேடம், என்ன பண்ணலாம்?" என்றார்.

"பாடம் மேல வரலேன்னா நாம கீழ போலாம் சார்."

"போயி?"

"பசங்க போன்ல ஆளுக்குக் கொஞ்சம் சிக்னல் இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக் கொடுத்தா நகந்துரும்."

நின்றுபோன பஸ்ஸைத் தள்ளி ஓட்டுகிற மாதிரிதான். தணிகைநாதன் மலைக்காரர், பஸ் தள்ளாத மலைக்காரர் கிடையாது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கல்லூரி வேனை எடுத்துக்கொள்ளச் சொன்னார், இரண்டு தடவை.

முதலில் மூன்றாம் வளைவுக்குப் போனார்கள். வணிகவியல் பாடம். மாணவர்கள் வட்டமாக நின்று போன்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். பாடம் சுற்றுகிற வேகத்துக்கு இவர்களும் சேர்ந்து சுற்றி நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாடத்தின் தூக்கிய கை இறங்கிற்று, வாய் அசைந்தது. எதிரே மாணவர்களைக் கண்டதும் அதுதான் வகுப்பறை என்று எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தது. மாணவர்களுக்குப் பாதிப் பாடம்தான் கிடைத்தது. பாதி கிடைப்பதே அந்தக் கல்லூரியில் பெரிது.

எல்லாப் பாடங்களும் ஒரே மாதிரி முடியும். படம்பிடிக்கிற இடத்தில் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "கேக்குதா? கேக்கலைன்னா சொல்லுங்க, மொதல்லேருந்து சொல்றேன்" என்று பாடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். மாணவர்கள் கோரஸாக, "கேக்குது சார்" என்பார்கள். கேட்டவனும் சொல்வான், கேட்காதவனும் சொல்வான், போனில் விளையாடிக்கொண்டிருந்தவன் எல்லாருக்கும் முந்திச் சொல்வான். பாடம் நன்றி கூறி இறங்கிப் போகும். கணக்கில் ஒன்று ஏறும்.

ஐந்தாம் வளைவில் மட்டும் ஒரு பிசகு நடந்தது. பொருளியல் பாடம் "கேக்குதா?" என்று கேட்கிற நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டு போயிற்று. கோகிலவாணி என்ற பெண், பாவம், மனதில் பட்டதைச் சொல்கிறவள், "கேக்கல சார்" என்றுவிட்டாள். பாடம் முகம் சுளிக்கவில்லை. வணக்கம் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தது. மாணவர்கள் கை கடுத்து அவளை முறைத்தார்கள். மறுநாள் கணக்கைப் பார்த்தால் பொருளியல் இரண்டு தடவை பார்க்கப்பட்டதாக ஏறியிருந்தது. தணிகைநாதன் கோகிலவாணியைக் கூப்பிட்டு ஒரு பேனா கொடுத்தார். மற்ற வளைவுகளிலும் இரண்டொரு தடவை கேட்காமல் போனால் தப்பில்லை என்றார்.

சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

வளைவுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. செம்புளிமலையின் பேர் பட்டியலில் மேலே மேலே ஏறிற்று. ஒன்பதாம் வளைவை மட்டும் சுகந்தி தள்ளிக்கொண்டே போனாள். வேன் ரிப்பேர் என்றாள், விலங்கியல் மாணவர்களுக்குத் தேர்வு என்றாள். முடிந்துவிட்டால் அக்கா இறங்கிப் போய்விடுவாள். கீழே அவளுக்குப் போக இடமில்லை. முடியாவிட்டால் ரத்து. இரண்டில் எது குறைந்த பாவம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"ஒம்பதாம் வளைவு ஒண்ணுதான் நிக்குது மேடம், அது ஒண்ணுதான் நிக்குது" என்றார் தணிகைநாதன். மாதம் முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. "உங்க அக்கான்னு தெரியும். நாளைக்கு அவங்க அமுக்கிட்டாங்கன்னா அதுவும் இல்லாமப் போயிரும் இல்லையா."

"போறேன் சார்" என்றாள் சுகந்தி.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. சின்னபொண்ணு பாடத்தின் தோளிலிருந்து குடையை எடுத்து மடக்கினாள். புடவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். மாணவர்கள் வட்டமாக நின்றார்கள், போன்கள் மேலே போயின. சுகந்தி பாடத்துக்கு நேர் எதிரே நின்றாள். அது சுற்றியதால் இரண்டு மூன்று தடவை முதுகைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வேகம் குறைந்து, அக்காவின் முகம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"...ஆனா மேல நாம ஒரு எட்டு வெச்சா அதுக்குத் தெரிஞ்சுடும். யாரு வர்றா, எவ்வளவு தூரத்துல வர்றான்னு அதோட ஒடம்பே சொல்லிடும். ஒடம்பு பூரா கேக்கும் அதுக்கு. காது இருந்தும் கேக்காம உக்காந்திருக்கிற கூட்டம் எல்லாம் நாமதான்."

மாணவர்கள் சிரித்தார்கள். வகுப்பில் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்கிற கிண்டல்தான் அது. சுகந்தியும் சிரிக்கப் பார்த்தாள்.

வசுமதி மண்புழுவின் வளையங்களைப் பற்றிச் சொன்னாள். ஐந்து ஜோடி இதயம் இருப்பதைச் சொன்னாள். அதை வெட்டினால் இரண்டாகிப் பிழைத்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வது சரியில்லை, வால் பக்கம் செத்துத்தான் போகும் என்று சொன்னாள். பிறகு மைக்கைச் சரிசெய்துகொண்டு, "கேக்குதா? கேக்கலைன்னா சொல்லுங்க, மொதல்லேருந்து சொல்றேன்" என்று நின்றாள்.

மாணவர்கள் வாயைத் திறந்தார்கள். சுகந்தி கையை உயர்த்தி அடக்கினாள்.

"கேக்கலக்கா" என்றாள்.

வசுமதி வணக்கம் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இப்போது முன்பாதியும் வந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் மண்புழுவைத் தேடி வயக்காட்டுக்குப் போனதைச் சொன்னாள். "எனக்கு ஒரு தங்கச்சி. புழுன்னா அலறுவா. அவதான் டப்பாவப் புடிச்சுக்கிட்டு வருவா, கண்ண மூடிக்கிட்டு" என்றாள். சுகந்திக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. பால்பவுடர் டப்பா, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டது. எல்லாக் கல்லூரிக்கும் எடுத்த பாடத்தில் தன்னைப் பற்றி ஒரு வரி இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. போனில் சொல்ல விட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"கேக்குதா?"

"கேக்கலக்கா."

மறுபடி வணக்கம். மறுபடி வயக்காடு, டப்பா, காது, இதயம். உயிரோடிருந்தபோதும் வசுமதி இப்படித்தான். எத்தனை தடவை கட் செய்தாலும் மறுநாள் சாயங்காலம் அதே குரலில், அதே குக்கர் வளையத்திலிருந்து ஆரம்பிப்பாள். வைது ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அக்காவை விரட்டச் சொன்ன பொய்யையே இன்றைக்கு அக்காவை நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பொய் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. அதை நினைத்து சுகந்தி வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

மாணவர்களுக்குக் கை கடுத்தது. மத்தியான பஸ் வந்தபோது, "நீங்க போங்க" என்றாள். பாதிப்பேர் ஏறிப் போனார்கள். பாடம் கொஞ்சம் மெதுவாயிற்று. அடுத்த பஸ்ஸில் மீதிப்பேர் போனார்கள். கோகிலவாணி மட்டும் தயங்கி நின்று, "மேம், எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் சுகந்தி. "ஏறிக்கோ."

அதன்பிறகு ஒரே ஒரு போன்தான். அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். வசுமதி ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தூக்கிய கையில் போன் அதிர்ந்தது. தணிகைநாதன்.

"போதும் மேடம், போதும். நூறு சதவீதத்தைத் தாண்டிருச்சு. நூத்துக்கு மேல போனா எழுத எடமில்லைன்னு கீழேருந்து சொல்றாங்க. காலேஜ இங்கயே விட்டுட்டாங்க. நீங்க வந்துருங்க, வந்துருங்க."

"டவர் இல்ல சார், கேக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி போனை மேலே பிடித்தாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். "கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் வசுமதி உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்தாள். படம்பிடித்த அன்றைக்கே வலித்திருக்கிறது. அந்த வலியோடு ஒன்பது வளைவு ஏறி, மழையிலும் பனியிலும் இத்தனை காலம் நின்றிருக்கிறாள். காலு வலிக்குதுடி என்று எத்தனை சாயங்காலம் சொன்னாள். எந்தக் கால் என்றுகூட சுகந்தி கேட்டதில்லை. வலது கால்.

சின்னபொண்ணு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினாள். சுகந்தி வாங்கவில்லை.

"கேக்குதா?" என்றாள் வசுமதி. "கேக்கலைன்னா சொல்லுங்க, மொதல்லேருந்து சொல்றேன்."

"கேக்குதுக்கா" என்றாள் சுகந்தி. "நல்லாக் கேக்குது. நீ போய் உக்காரு."

வசுமதி நன்றி கூறினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலைச் சற்றே சாய்த்து வைத்து, இறக்கத்தில் நடந்தாள். பாடங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாம் வளைவின் மைல்கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போனாள். மூங்கில் புதர் மறைக்கிறவரை மாம்பழ நிறம் தெரிந்தது.

சுகந்தி வளைவின் நடுவில், அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பாடம் சுற்றிச் சுற்றித் தாரில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. அவள் அழுதாள். ஆடி மாசம் வராத அழுகை அது. சின்னபொண்ணு டீயைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சூடு ஆறாமல் மூடி வைத்தாள்.

கையில் போன் அடித்தது. அக்கா என்று காட்டியது. சுகந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அன்னிக்கு டவர் இருந்துச்சு. எல்லா நாளும் இருந்துச்சு. கொய்யா மரத்தடியில நின்னுக்கிட்டுத்தான் பொய் சொன்னேன். காலு வலிக்குதுன்னியே, எந்தக் காலுன்னுகூட நான் கேக்கல. அந்த டப்பா எங்கிட்டதான் இருக்கு, அதுலதான் மிளகாத்தூள் போட்டு வெச்சிருக்கேன். எதிர்வீட்டு நாய்க்குட்டிக்கு என்ன பேரு வெச்சாங்க? அன்னிக்கு என்னமோ சொல்லணும்னியே, அது என்னக்கா?"

மறுமுனையில் காற்று இரைந்தது.

"சுகி? என்னடி சொல்றே, ஒண்ணும் கேக்கல" என்றாள் வசுமதி. "இங்க டவர் இல்லடி. கட் ஆகுது."

அங்கே உண்மையிலேயே டவர் இல்லையா, இல்லை அக்காவும் ஏதாவது மரத்தடியில் நின்றுகொண்டு சொல்கிறாளா என்று சுகந்தி யோசிக்கவில்லை. "வெச்சுடாதக்கா" என்றாள். "கேக்கலைன்னா பரவால்ல. மொதல்லேருந்து சொல்றேன்."

முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசிப் பஸ் ஹாரன் அடித்து, அவளை ஒதுங்கி மேலே போயிற்று. ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு முதலில் அவள் முகமும் பிறகு அவள் முதுகும் தெரிந்தன. மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னபொண்ணு கடைக்குள் போய்க் குடையை எடுத்துவந்து, விரித்து, சுகந்தியின் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் செருகிவைத்தாள்.